விளைநிலத்தில் லிங்க்ஸ் கோல்ஃப் மைதானம்: வாசகர் கேள்வி பதில்

பயிர் விளைந்த நிலத்தை லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்மேட்டு கோல்ஃப் மைதானம் போல மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: கடலும் மணலும் இல்லாத வயல் நிலத்தில் லிங்க்ஸ் மைதானம் சாத்தியமா? வெறும் தோற்றம்தானே வரும்?

தோற்றத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். மேடுகளைக் குவித்து, மரங்களை விலக்கி, ஓரங்களில் புல்லை உயர விட்டால் படத்தில் லிங்க்ஸ் போலத்தான் தெரியும். பந்து தரையில் விழுந்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. லிங்க்ஸில் அது கெட்டியான தரையில் துள்ளி, சரிவுக்கு ஏற்பத் திரும்பி, நெடுந்தூரம் உருளும். ஆட்டக்காரர் காற்றுக்குக் கீழே தாழ அடித்து, தரை வழியாகவே கிரீனுக்கு (பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பந்தை அனுப்ப முடியும். இதற்கு இரண்டு வேண்டும்: நீர் நிற்காத மண், சத்துக் குறைந்த மண். நல்ல விளைநிலத்துக்கு இரண்டும் நேரெதிர். ஆகவே உங்கள் பணத்தில் பெரும்பகுதி மேடு எழுப்புவதற்குப் போகக்கூடாது. நீரை வெளியேற்றுவதற்கும் சத்தைக் குறைப்பதற்கும் போக வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் கைல் ஃபிலிப்ஸ் வடிவமைத்து 2000-இல் திறந்த கிங்ஸ்பார்ன்ஸ், கடலோர விளைநிலத்தில் மண்ணை நகர்த்தி உருவாக்கியது. பார்ப்பவர்களில் பலர் அதை இயற்கை மணல்மேடு என்றே நினைக்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகே டேவிட் மெக்லே கிட் அமைத்து 2008-இல் திறந்த காஸில் கோர்ஸும் வயலாக இருந்த இடம்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பண்ணை நிலத்தில் எழுந்த எரின் ஹில்ஸில் 2017-இல் யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. அங்கே பழங்காலப் பனியாறுகள் விட்டுச்சென்ற மேடுபள்ளம் ஏற்கெனவே இருந்ததால் மண் வேலை குறைந்தது. தட்டையான வயலில் அந்தச் சலுகை கிடைக்காது.

கேள்வி: நிலம் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதலில் குழி தோண்டுங்கள். ஹெக்டேருக்கு ஒன்று வீதம், 1.5 மீட்டர் ஆழம். பக்கச் சுவரைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். மேல்மண் எத்தனை செ.மீ., அதன் கீழே களிமண்ணா மணலா, எந்த ஆழத்தில் நீர் ஊறுகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் உழுத நிலத்தில் 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் கலப்பை அழுத்திய கடினப்படுகை இருக்கும். கத்தியால் குத்தினால் இறங்காது. வேர்கள் அதைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மண் உலர்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் 45 செ.மீ. வரை கிழித்தால்தான் அது உடையும். ஈரத்தில் கிழித்தால் படுகை உடையாது, வழுக்கிக்கொண்டு மேலும் இறுகும்.

அடுத்து, பழைய வடிகால் குழாய்கள். முந்தைய விவசாயிகள் புதைத்த களிமண் ஓட்டுக் குழாய்களுக்கு வரைபடம் பெரும்பாலும் இருக்காது. மண் வேலையின்போது ஒரு குழாய் உடைந்தால், மேலேயுள்ள வயல்களின் நீரெல்லாம் உங்கள் ஃபேர்வேயின் (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்பாதை) நடுவில் ஊற்றெடுக்கும். நிலத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஓடையை ஒட்டி நடந்து, குழாய் வாய்களைத் தேடுங்கள். அங்கிருந்து மேல்நோக்கிக் குறுக்கு வாய்க்கால் வெட்டினால் குழாய்கள் அகப்படும். ஒவ்வொன்றையும் புதிய பிரதான வடிகாலுடன் இணைக்க வேண்டும். மண்ணால் அடைத்துவிட்டுப் போவது மிக மோசமான முடிவு.

ஆய்வகத்தில் கார அமில நிலை, மணிச்சத்து, அங்ககப் பொருள் அளவு, மண் துகள்களின் பருமன் ஆகியவற்றைக் கேளுங்கள். சுண்ணாம்பு இட்ட வயலில் கார அமில நிலை 7-ஐத் தாண்டியிருக்கும். லிங்க்ஸுக்கு ஏற்ற மெல்லிய இலைப் புல்லான ஃபெஸ்க்யூவுக்கு 5.5 முதல் 6.5 வரை போதும். பழத்தோட்டமாக இருந்த இடமென்றால் ஆர்சனிக்கும் ஈயமும் சோதிப்பது கட்டாயம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெட் ஆர்சனேட்டைப் பூச்சிமருந்தாகப் பல நாடுகளில் தெளித்தார்கள், அது மண்ணிலேயே தங்கும்.

களைக்கொல்லி எச்சத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வயல் மண்ணில் சில தொட்டி, சுத்தமான மண்ணில் சில தொட்டி வைத்து, இரண்டிலும் ஃபெஸ்க்யூவும் பட்டாணியும் விதையுங்கள். மூன்று வாரத்தில் வயல் தொட்டிகளில் மட்டும் இலை சுருண்டாலோ, முளை குன்றினாலோ எச்சம் இருக்கிறது என்று பொருள். பட்டாணியைச் சேர்ப்பதற்குக் காரணம், புல்லைத் தொடாத சில மருந்துகள் அவரைக் குடும்பத்தை உடனே தாக்கும் என்பதுதான்.

கேள்வி: களிமண் நிலம். ஃபேர்வேக்களின் மேல் 7 செ.மீ. மணல் பரப்பினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?

போதாது. அந்தப் பணத்தில் மணலே போடாமல் வடிகால் மட்டும் அமைத்தால்கூட இதைவிட நன்றாக இருக்கும்.

காரணம் இதுதான். களிமண்ணின் மேல் மணல் கிடக்கும்போது, மணலின் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீர் தேங்கியே நிற்கும். அந்த உயரத்தை முடிவு செய்வது மணலின் பருமன். நீங்கள் எத்தனை ஆழம் போட்டீர்கள் என்பது அதை மாற்றாது. நனைந்த பஞ்சைப் படுக்கையாக வைத்தால் நீர் உள்ளேயே நிற்கும், அதே பஞ்சை நிமிர்த்திப் பிடித்தால் மேல்பகுதி வடிந்து அடிப்பகுதி மட்டும் நனைந்திருக்கும். 7 செ.மீ. மணல் என்பது படுக்கையாக வைத்த பஞ்சு. மழைக்குப் பின் மேற்பரப்பு வரை ஈரம் நின்று, பந்து விழுந்த இடத்திலேயே குழி பறித்து நிற்கும். 20 முதல் 25 செ.மீ. போட்டால் மேல்பகுதி காய்ந்து கெட்டியாகும், வேர் ஆழமாக இறங்கும்.

ஒரே ஆழத்தில் பரப்புவதும் தவறு. சரிவில் நீர் கீழ்நோக்கி நகர்வதால் மேட்டில் மணல் சீக்கிரம் காய்ந்து புல் கருகும், பள்ளத்தில் ஈரம் தங்கும். மேட்டில் 15 முதல் 20 செ.மீ., பள்ளத்தில் 30 செ.மீ. என்று மாற்றிப் போடுங்கள். மணல் போடும் முன் களிமண் தளத்துக்குச் சீரான வாட்டம் கொடுத்து, 5 மீட்டர் இடைவெளியில் சரளை நிரப்பிய வடிகால் குழாய்களைப் பதியுங்கள். தளத்தில் சிறு குழிகள் இருந்தால் அவை மணலுக்கு அடியில் மறைந்த குட்டைகளாகிவிடும்.

அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 18 குழி மைதானத்தில் ஃபேர்வேக்கள் 12 ஹெக்டேர் என்று வைத்தால், சராசரி 20 செ.மீ. ஆழத்துக்கு 24,000 கன மீட்டர் மணல் வேண்டும். எடையில் ஏறக்குறைய 38,000 டன். 20 டன் லாரிகளில் 1,900 நடைக்கு மேல். இறுகுவதற்காக இன்னும் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரிகள் தயாரான தளத்தின் மேல் ஓடக்கூடாது. ஓரத்தில் கொட்டிய மணலை புல்டோசர் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும், அதன் சங்கிலிகள் எப்போதும் மணலின் மேலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவு மணலுக்கு வழியில்லையென்றால் 5 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள மணல் கீற்றுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வெட்டி, குறுக்கே ஓடும் சரளை வடிகால்களைத் தொடும்படி இணையுங்கள். பிறகு ஆண்டுதோறும் மெல்லிய மணல் தூவி வாருங்கள். தூவுவதை நிறுத்தினால் மண்புழு எச்சமும் களிமண்ணும் கீற்றின் வாயை அடைத்துவிடும்.

கேள்வி: மேடுகள் எழுப்பியாயிற்று. ஆனால் குப்பை மேடுகள் வரிசையாக நிற்பது போலத் தெரிகின்றன. எங்கே தவறு?

மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, எல்லா மேடுகளும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. புல்டோசர் ஓட்டுநர் பழக்கத்தில் அப்படித்தான் குவிப்பார். காற்று கட்டிய மணல்மேடு சங்கிலித் தொடராக, ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும். ஒரு பெரிய முகடு, அதிலிருந்து கிளைக்கும் சிறு முதுகுகள், நடுவே நீண்ட தாழ்வு.

இரண்டாவது, சரிவு இரு பக்கமும் சமமாக இருக்கிறது. உண்மையான மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் மென்மையாக ஏறும், மறுபக்கம் செங்குத்தாக இறங்கும்; உலர்ந்த மணல் தானாக நிற்கும் கோணம் 32 முதல் 34 டிகிரி. நிலவும் காற்றின் திசையை வைத்து மைதானம் முழுவதும் இதை ஒரே மாதிரி பின்பற்றினால் கண் நம்பும். ஆனால் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி போக வேண்டிய இடத்தில் 3 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. செங்குத்தான முகங்களை உயரப் புல்லுக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அடிவாரம். பெரும்பாலான மேடுகள் போலியாகத் தெரிவது இங்கேதான். தட்டையான வயலில் குவித்த மண் சட்டென்று முடிந்துவிடுகிறது. மேட்டுக்கு வேண்டிய மண்ணை அதன் பக்கத்திலேயே தோண்டியெடுங்கள். 2 மீட்டர் மேட்டுக்குப் பக்கத்தில் 1.5 மீட்டர் தாழ்வு இருந்தால், உயரம் 3.5 மீட்டராகத் தெரியும், லாரிச் செலவும் மிஞ்சும். அடிச்சரிவை 15, 20 மீட்டருக்கு நீட்டி ஃபேர்வேக்குள்ளேயே கரைத்துவிடுங்கள். அப்போதுதான் மேடு ஆட்டத்திலும் பங்கெடுக்கும், பந்தைத் திருப்பிவிடும். பழைய வரப்புகளின் நேர்கோடுகளையும் மறக்காமல் கலைத்துவிடுங்கள். மண்ணின் நிறமும் ஈரமும் மாறுவதால் புல் வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கோடு தெரியும்.

கேள்வி: மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வுகள் ஒவ்வொரு மழைக்கும் குளமாகின்றன.

கடலோரத்தில் மூடிய தாழ்வுகள் இருக்கலாம், ஏனென்றால் அடியில் முழுவதும் மணல். களிமண்ணில் ஒவ்வொரு மூடிய தாழ்வுக்கும் அடியில் ஒரு வடிகால் வாய் வேண்டும். அதன் குழாய் அளவைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். அரை ஹெக்டேர் சரிவு ஒரு தாழ்வில் வந்து சேர்கிறது, 25 மி.மீ. மழை பெய்து எல்லாம் ஓடி வந்தால் 125 கன மீட்டர் நீர். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் 100 மி.மீ. நெளிவுக் குழாய் நொடிக்கு 4 லிட்டர் அளவுக்குத்தான் கடத்தும்; தாழ்வு வடிய ஒன்பது மணி நேரம் ஆகும். 150 மி.மீ. குழாயானால் மூன்று மணி நேரம். விலை வித்தியாசம் சிறிது, பலன் பெரிது. முடிந்த இடங்களில் தாழ்வின் ஒரு பக்கத்தைத் திறந்து, நீர் தரைமேலேயே ஓடிப்போக வழி விடுங்கள். குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்த வழி காப்பாற்றும்.

கேள்வி: கிரீன் அமைப்பு பற்றி விளக்கவும். எவ்வளவு வேகம் வைக்கலாம்?

களிமண் நிலத்தில் யுஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) வகுத்த முறையை விட்டு விலகாதீர்கள். அடித்தளத்தில் 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் 100 மி.மீ. வடிகால் குழாய்கள், அதன் மேல் 10 செ.மீ. சரளை, அதன் மேல் 30 செ.மீ. வேர்மண்டல மணல். அந்த மணலில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் 0.25 முதல் 1 மி.மீ. துகள்கள் இருக்க வேண்டும். களித்துகள் 3 சதவீதத்தையும், வண்டல் 5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. சரளையும் மணலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஆய்வகத்தில் சோதித்த பிறகே கொள்முதல் செய்யுங்கள். சரளை மிகப் பெரியதானால் மணல் அதன் இடுக்குகளில் இறங்கி அடைத்துவிடும். அடித்தளம் மேற்பரப்பின் வடிவத்தையே பின்பற்ற வேண்டும்.

வேகத்தில் அடக்கம் தேவை. காற்று அடிக்கும் மைதானத்தில் ஸ்டிம்ப்மீட்டரில் (கிரீனில் பந்து எத்தனை அடி உருளுகிறது என்று அளக்கும் கருவி) 8 முதல் 10 அடி போதும். 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் கிரீனில் நின்ற பந்துகளைக் காற்று நகர்த்தியதால் ஆட்டத்தைப் பல மணி நேரம் நிறுத்த நேர்ந்தது. வேகத்தைக் குறைத்தால் சரிவுகளைத் தாராளமாக வைக்கலாம். பந்து விழும் குழியை வெட்டும் இடங்களில் சரிவு நூற்றுக்கு 1 முதல் 3, மற்ற இடங்களில் அதற்கு மேலும். ஒவ்வொரு கிரீனும் 550 முதல் 700 சதுர மீட்டர் இருக்கட்டும், பெரும்பாலானவற்றின் முன்பக்கம் திறந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பங்கர் (தடையாக வைக்கும் மணற்குழி) வைத்துவிட்டால் தரைவழி ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: புல் பத்தை அடுக்கிக் கட்டிய பங்கர் சுவர்கள் இரண்டே ஆண்டுகளில் சரிகின்றன.

நன்றாகக் கட்டியதே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் நிற்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நான்கில் ஒரு பங்கைப் புதுப்பிக்கும் ஆட்களும், அதற்கான புல் பத்தை வளர்க்க ஒரு நாற்றங்காலும் இல்லாதவர்கள் இந்த வகைப் பங்கரை எண்ணிக்கையில் குறைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாண்டில் சரிகிறதென்றால் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. களிமண் ஊறி முன்னால் தள்ளும். சுவரின் பின்புற அடியில் சரளையும் துளைக் குழாயும் வைத்து, பங்கர் தரை வடிகாலுடன் இணையுங்கள். பத்தைகள் 4 செ.மீ. தடிமன் என்றால் 1.2 மீட்டர் சுவருக்கு 30 அடுக்கு வரும். ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ளதைவிட 2 செ.மீ. பின்வாங்கினால் ஏறக்குறைய 63 டிகிரி சாய்வு கிடைக்கும். செங்குத்தாகக் கட்டினால் மழைநீர் கிடைக்காமல் முகம் காய்ந்துவிடும். இரண்டு, மூன்று அடுக்குக்கு ஒருமுறை பின்னால் மண் நிரப்பிக் கெட்டியாக மிதிக்க வேண்டும். வெயில் நேராக விழும் முகம் முதலில் காயும். அதற்குக் கையால் நீர் தெளியுங்கள். பழைய செயற்கைப் புல்லை வெட்டி அடுக்கும் முறை பல மடங்கு நாள் நிற்கும். களிமண் நிலத்துக்கு அதையே பரிந்துரைப்போம்.

கேள்வி: ஃபேர்வேக்கு வெளியே மெல்லிய பொன்னிறப் புல் வரும் என்றார்கள். பச்சைக் காடாக வளர்ந்து, போன பந்து திரும்பக் கிடைப்பதில்லை.

விளைநிலத்தில் லிங்க்ஸ் அமைப்பவர்கள் அனைவரும் சந்திக்கும் சிக்கல் இது, மைதானத்தின் பெயரைக் கெடுப்பதும் இதுதான். கணுக்காலில் ஈரப் புல் சுற்றிக்கொள்ள, ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டுப் பந்தைத் தொலைப்பவர் திரும்பி வரமாட்டார். தவறு விதையில் இல்லை. உரம் இட்டு இட்டுச் சேர்ந்த மணிச்சத்தும் தழைச்சத்தும் மண்ணில் இருக்கும்வரை முரட்டுப் புற்கள்தான் ஜெயிக்கும்.

இன்னும் கட்டாதவர்கள் கவனிக்க: மேல்மண்ணை 25 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, மேடுகளின் வயிற்றுக்குள் புதைத்துவிடுங்கள். 30 ஹெக்டேரில் 75,000 கன மீட்டர் கிடைக்கும், மேடுகளுக்கு வேண்டிய மண்ணும் கிடைத்துவிடுகிறது. 30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் மேடு பிறகு அமுங்கும். அதன் மேல் குறைந்தது அரை மீட்டர் சத்தில்லாத அடிமண். அந்த அடிமண்ணில் ஹெக்டேருக்கு 40 முதல் 60 கிலோ ஃபெஸ்க்யூ மட்டும், உரமே இல்லாமல் விதையுங்கள். (ஃபேர்வேக்கு 250 கிலோ.) முதலாண்டு மண் தெரிகிறதே என்று பதறி உரம் போட்டவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

விதைக்கும் முன் களை விதைகளைத் தீர்க்க வேண்டும். நிலத்தைத் தயாரித்து நீர் விட்டு, முளைத்த களையை அழித்து, மேல் 2 செ.மீ. மட்டும் கிளறி, மறுபடி முளைக்க விட்டு அழியுங்கள். மூன்று சுற்று நல்லது. ஆழமாகக் கிளறினால் புதைந்திருந்த புதிய விதைகள் மேலே வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டியவர்களுக்கு வழி நீண்டது. கோடையின் முடிவில் புல்லை 7 முதல் 10 செ.மீ. உயரத்தில் வெட்டி, வெட்டிய அத்தனையையும் அள்ளி வெளியே கொண்டுபோங்கள். அங்கேயே விட்டால் அதுவே அடுத்த ஆண்டின் உரம். தழைச்சத்து சில ஆண்டுகளில் குறையும், மணிச்சத்து மெதுவாகத்தான் இறங்கும். முரட்டுப் புற்களை மட்டும் தாக்கும் ஃப்ளூவாசிஃபாப் போன்ற களைக்கொல்லிகளை ஃபெஸ்க்யூ தாங்கும். உங்கள் நாட்டில் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் யெல்லோ ராட்டில் என்ற அரை ஒட்டுண்ணிச் செடியை விதைக்கிறார்கள், அது புல் வேர்களை உறிஞ்சி அடர்த்தியைக் குறைக்கும். அதன் விதை முளைக்கக் குளிர்காலம் தேவை என்பதால் இலையுதிர் காலத்திலேயே விதைக்க வேண்டும். இவை பலிக்கும்வரை ஃபேர்வேயை 50 மீட்டர் அகலமாக்கி, இருபுறமும் 8 மீட்டருக்குக் குட்டையாக வெட்டி வையுங்கள்.

கேள்வி: மேடுகளில் கடலோர மணல்மேடுகளில் வளரும் மேரம் புல்லை நடலாமா?

வேண்டாம். காற்றில் நகர்ந்து வந்து மேலே மேலே விழும் மணலில்தான் அது செழிக்கும். அசையாத மண்ணில் சில ஆண்டுகளில் நலிந்துவிடும்.

கேள்வி: கோடையில் ஃபேர்வே பழுப்பாகிறது. உறுப்பினர்கள் நீர் விடச் சொல்கிறார்கள்.

பழுத்த ஃபெஸ்க்யூ பெரும்பாலும் சாவதில்லை, உறங்குகிறது. மழை வந்ததும் எழும். தினமும் நீர் விட்டால் முதலில் பச்சை வரும், அடுத்து போவா அன்னுவா என்ற களைப்புல் வரும். அதன் விதை வயல் மண்ணில் ஏற்கெனவே காத்திருக்கிறது. 2015 யுஎஸ் ஓப்பன் நடந்த சேம்பர்ஸ் பேயில் ஃபெஸ்க்யூ கிரீன்களுக்குள் போவா திட்டுத்திட்டாகப் புகுந்து, பந்து குதித்து ஓடியதை உலகமே பார்த்தது. பின்னர் அந்த கிரீன்களைப் போவாவுக்கே மாற்றிவிட்டார்கள். நீரை அரிதாக, ஆழமாக விடுங்கள். ஃபேர்வேயை 10 முதல் 15 மி.மீ. உயரத்தில் வெட்டுங்கள். தழைச்சத்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: வெப்பமான பகுதிகளுக்கு ஃபெஸ்க்யூ பொருந்துமா?

பொருந்தாது. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் நோயில் போய்விடும். அருகம்புல்லிலிருந்து உருவாக்கிய பெர்முடா கலப்பினங்களோ சாய்சியா புல்லோ நல்ல தேர்வு. உப்பு நீர் என்றால் கடற்கரைப் பாஸ்பாலம் புல். குறைந்த உயரத்தில் வெட்டி, மெல்லிய மணல் தூவிக்கொண்டே இருந்தால் இவற்றிலும் பந்து ஓடும். பெர்முடா பக்கவாட்டில் படர்ந்து மெத்தை கட்டும் குணமுடையது. மாதம் ஒருமுறையாவது செங்குத்துக் கத்தியால் கீறிவிடாவிட்டால் தரை கெட்டியாகாது.

கேள்வி: விதைத்து எத்தனை மாதத்தில் திறக்கலாம்? மின்வண்டிகள் விடலாமா?

கோடை முடிவில் விதைத்தால் 12 முதல் 18 மாதம் பொறுங்கள். ஃபெஸ்க்யூ இரு வாரத்தில் முளைத்தாலும் மிதிபடும் வலிமை வர நாளாகும். அவசரப்பட்டுத் திறந்த மைதானங்களில் வெற்றிடங்களைக் களையும் போவாவும் பிடித்துக்கொள்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் நாளொன்றுக்கு ஆடுபவர் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். ஃபேர்வேயில் மின்வண்டி வேண்டாம். சக்கரம் ஒரே தடத்தில் ஓடினால் ஃபெஸ்க்யூ தேய்ந்து, மீள ஒரு பருவமே ஆகும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் அனுமதித்து, தடத்தை நாள்தோறும் மாற்றுங்கள். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றிருக்கும்போது, ஃபேர்வேயிலிருந்து அடிப்பவர்கள் சிறு செயற்கைப் புல் விரிப்பை வைத்து அதன்மேலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.